எல்லைச் சாலை – 14: கூண்டு கட்டியவர்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் விடியற்காலையில் நின்றால் அந்த வரிசையைப் பார்க்கலாம். முன்னால் ஒரு ரேடியேட்டர், அதற்குப் பின்னால் எஞ்சின், ஒரு ஸ்டியரிங், நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், சக்கரங்கள். அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது, முன்கண்ணாடிகூடக் கிடையாது. அடித்துப் பொருத்திய ஓர் இருக்கையில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். தலையையும் காதையும் துண்டு சுற்றியிருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மார்கழிப் பனியில் இங்கே வீட்டு வாசலில் நிற்பதே சிரமம். அந்த மனிதர் முகத்துக்கு மறைப்பு ஏதுமின்றி நெடுஞ்சாலையில் இறங்குகிறார். சூளகிரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கி, சேலம், நாமக்கல் வழியாகக் கரூர் போய்ச் சேர வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர். மேலே வெயில், கீழே எஞ்சின் சூடு.

கரூரில் அந்தச் சேஸுக்குக் கூண்டு கட்டுவார்கள். சில வாரங்களில் அது பஸ்ஸாகி வெளியே வரும். இப்படி அரைகுறையாகச் சாலையில் ஓடும் வண்டியைச் சட்டமும் அறியும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கூண்டு பொருத்தப்படாத சேஸைத் தனியாகவே குறிப்பிட்டு, அது பட்டறையில் காத்திருக்கும் நாட்களுக்காகத் தற்காலிகப் பதிவை நீட்டிக்க இடம் கொடுத்தது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் வெறும் சேஸைப் பார்த்தால் விபத்தில் சிக்கிய வண்டி என்றே முதலில் நினைப்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் மிக விலையுயர்ந்த கார்கள் பெரும்பாலும் இதே கோலத்தில்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன என்று சொன்னால் அவர்களுக்கு நம்பிக்கை வராது. ரோல்ஸ்-ராய்ஸ் உட்பட.

சென்ற பகுதியில் மத்திகிரியில் நின்றோம். ஓசூரை ஒட்டிய அந்தப் பண்ணையில் 1824 முதல் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்தார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1924இல், அது கால்நடைத் துறையின் கைக்கு மாறி மாட்டுப் பண்ணையானது. அந்த நூறு வருஷத்துக்குள்தான் சாலையில் குதிரை போய் எஞ்சின் வந்தது. குதிரை போனாலும் குதிரை வண்டியைச் செய்தவர்கள் போகவில்லை. இந்தப் பகுதி அவர்களைப் பற்றியது.

நம் பாட்டன் காலத்துத் தமிழில் வண்டிகளுக்கு எத்தனை பெயர்கள் இருந்தன! கோச்சு, சாரட்டு, பீட்டன், ஜட்கா, வில்வண்டி. இவற்றில் முதல் மூன்றும் சீமையிலிருந்து கப்பலேறி வந்து தமிழாகிவிட்ட சொற்கள். கார் வந்தபோது அதன் உடல்வடிவங்களுக்கு வைத்த பெயர்களும் இதே வண்டிப் பெயர்கள்தான். பீட்டன், புரூம், லாண்டோலெட், கேப்ரியோலே எல்லாமே முதலில் குதிரை பூட்டிய வண்டிகள். ஆரம்ப காலத்துப் பெரிய கார்களில் எஜமானருக்குக் கூரையும் கண்ணாடியும் இருக்கும். ஓட்டுநர் மட்டும் திறந்த வெளியில் உட்கார்ந்திருப்பார். காரணம் வேறொன்றுமில்லை. கோச்சுவண்டிக்காரர் அப்படித்தான் வெளியே உட்கார்ந்திருந்தார். வண்டி செய்த கைகளுக்கு அந்தப் பழக்கத்தை விட மனம் வரவில்லை. ஓசூர்ச் சாலையில் துண்டு சுற்றிப் போகும் மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முன்னிருக்கை நினைவுக்கு வருகிறது.

தொழில் நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டெர்பி நகரில் 1908 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் ஆலை இயங்கியது. அங்கே செய்தது சட்டம், எஞ்சின், கியர், அச்சு, சக்கரங்கள், ரேடியேட்டர், பானெட், டாஷ்போர்டு. அத்துடன் அவர்கள் வேலை முடிந்தது. வெறும் சேஸின் மேல் தற்காலிகமாக ஓர் இருக்கையைப் பொருத்திச் சாலையில் ஓட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு, வாங்குபவர் கைகாட்டும் கூண்டுப் பட்டறைக்கு அனுப்புவார்கள். லண்டனில் அப்படிப்பட்ட பட்டறைகளுக்குக் குறைவில்லை. 1710இல் தொடங்கிய பார்க்கர், 1800களின் தொடக்கத்தில் வந்த ஹூப்பர், பிறகு முல்லினர், பார்க் வார்டு, திரப் அண்டு மேபர்லி, கர்னி நட்டிங். பெரும்பாலும் அரச குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும் குதிரை வண்டி செய்து பெயரெடுத்த பரம்பரை.

வாங்குபவர் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து பேசுவார். எத்தனை பேர் ஏறுவார்கள், தொப்பியைக் கழற்றாமல் உட்கார எவ்வளவு உயரம் வேண்டும், பெட்டிகளை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சித்திரக்காரர் முழு வண்டியையும் வரைந்து காட்டுவார். பிறகு தச்சர் வேலை. ஆஷ் மரத்தை அறுத்துச் செதுக்கி, காதும் துளையுமாகக் கோத்து, வண்டியின் எலும்புக்கூட்டை நிறுத்துவார்கள். அடுத்து தகடு வேலை. அலுமினியத் தகட்டை மணல் மூட்டையில் வைத்துத் தட்டுவார்கள், பிறகு இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் உருட்டி உருட்டி வளைவை எடுப்பார்கள். மட்கார்டு ஒன்றின் வளைவுக்குள் ஒரு மனிதரின் நாள்கணக்கான உழைப்பு இருக்கும். அதன் பிறகு வர்ணம். ஒரு பூச்சு, காயும்வரை காத்திருப்பு, தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று வாரக்கணக்கில் போகும். கடைசியில் தோல் தைப்பவர் வருவார். எல்லாம் முடிந்து கதவைத் திறந்தால், கால்வைக்கும் படியில் ஒரு சிறு உலோகத் தகடு பதித்திருக்கும். அதில் பட்டறையின் பெயர். முன்னால் ரேடியேட்டரில் எஞ்சின் செய்தவன் பெயர், படியில் கூண்டு கட்டியவன் பெயர். ஒரு வண்டிக்கு இரண்டு பெற்றோர்.

இதனால் ஒரே ஆண்டில் ஒரே ஆலையிலிருந்து வந்த இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ரேடியேட்டரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லாமல் இருக்கும். இன்று சேகரிப்பாளர்கள் 'அபூர்வம்' என்று சொல்வது இதைத்தான். அந்த வடிவத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

இந்தியாவிலிருந்து போன கட்டளைகள் அந்தப் பட்டறைகளுக்கே புதுப் பாடம். ஹைதராபாத் நிஜாம் மஹ்பூப் அலி கான் கேட்டது சிம்மாசனக் கார். 1912ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் சேஸில் பார்க்கர் பட்டறை அதைக் கட்டியது. மஞ்சள் நிறம், பின்னால் அரியணை போல உயர்ந்த ஒற்றை இருக்கை. கேட்டவர் அதற்கு முன்பே, 1911இல் காலமாகிவிட்டார். மகன் உஸ்மான் அலி கான் விழா நாட்களில் மட்டும் எடுத்தார். இன்றும் ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் அது நிற்கிறது. ஓடிய தூரம் சில நூறு மைல்கள்தான். கோட்டா மகாராவ் இரண்டாம் உமேத் சிங்கின் தேவை வேறு. 1925இல் ஃபேன்டம் சேஸில் அதே பார்க்கர் கட்டிக் கொடுத்தது வேட்டைக் கார். காட்டில் இரவில் புலியைத் தேடச் சுழலும் விளக்குகள், துப்பாக்கி வைக்க இடம். ராஜ்கோட் தாகூர் சாகிப் தர்மேந்திரசிங்ஜிக்கு 1934இல் ஃபேன்டம் 2 சேஸில் திரப் அண்டு மேபர்லி கட்டிய வண்டிக்கு 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்று பெயரே உண்டு. அறுபதுகளில் கடல் கடந்து போன அந்தக் காரை, நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அதே குடும்பம் மீட்டுக்கொண்டு வந்தது.

இந்தோர் ஹோல்கர் யஷ்வந்த் ராவ் ஒரு படி மேலே போனார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டூசன்பர்க் சேஸ் வாங்கி, கப்பலில் லண்டனுக்கு அனுப்பி, கர்னி நட்டிங் பட்டறையில் இருவர் மட்டும் உட்காரும் நீண்ட திறந்த வண்டியாகக் கட்ட வைத்தார். முப்பதுகளில் செய்த வண்டி. படத்தில் பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. கல்கத்தாவில் 1910இல் அன்னப்பறவை வடிவில் கூண்டு கட்டி ஓடிய புரூக் காரையும் சொல்லாமல் விடக் கூடாது. அந்த அன்னத்தின் அலகிலிருந்து சூடான நீர் பீச்சும். தெருவில் அமளி கூடியதால் போலீஸ் அதை வெளியே எடுக்கத் தடை போட்டது. பிறகு நாபா அரசருக்குப் போய், இன்று நெதர்லாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதைகளை ராஜாக்களின் ஊதாரித்தனத்துக்குச் சாட்சியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. குடிமக்களின் வரிப்பணம்தான் அது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வண்டியின் எதிரில் நிற்கும்போது வாங்கியவரைப் பற்றியே பேசினால், செய்தவர் இரண்டாம் முறையும் மறைந்துபோகிறார். ரோல்ஸ்-ராய்ஸ் காரைக் குப்பை அள்ள விட்ட ராஜா கதையும் அப்படித்தான். அல்வார் என்பார்கள், ஹைதராபாத் என்பார்கள், பரத்பூர் என்பார்கள், பட்டியாலா என்பார்கள். ஒரே கதை நான்கு சமஸ்தானத்துக்கும் பொருந்துகிறது என்றால், அது எந்தச் சமஸ்தானத்திலும் நடந்த கதையாகத் தோன்றவில்லை.

நம் எல்லைக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்பு ஓசூர் சேலம் ஜில்லாவின் வட கோடி, சென்னை மாகாணத்தின் ஓரம். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால்வைத்தால் மைசூர் மகாராஜாவின் நாடு. அந்தப் பக்கத்து அரசர்களும் ரோல்ஸ்-ராய்ஸ் பிரியர்கள். ஒரே தடவையில் ஏழு கார் வாங்குவதை 'மைசூர் பாணி' என்றே கார் விற்பனை வட்டாரத்தில் சொல்லிக்கொண்டார்கள் என்று மோட்டார் வரலாறு எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார்கள். அதே நாட்டின் திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யா வேறு கனவு கண்டார். காரை இங்கேயே செய்ய வேண்டும் என்று 1930களில் ஐரோப்பா, அமெரிக்கா சுற்றிப் பார்த்துத் திட்டம் தீட்டினார். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் அதைக் கையிலெடுத்தார். மைசூர் அரசு கைகொடுக்க முன்வந்தும் ஆங்கில அரசின் இசைவு கிடைக்கவில்லை. கார் ஆலை 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்று பம்பாயில் பிறந்தது. பெங்களூருக்கு வந்தது 1940 டிசம்பரில் தொடங்கிய விமான ஆலை, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்.

அந்த விமான ஆலையின் கதையில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். போர் முடிந்தது. பழுதுபார்க்க வந்த போர் விமானங்கள் நின்றன. அலுமினியத் தகட்டை வளைக்கவும் ரிவெட் அடிக்கவும் பழகிய ஆயிரக்கணக்கான கைகளுக்கு வேலை வேண்டும். அப்போது அந்த ஆலை பஸ் கூண்டு கட்டியது, ரயில் பெட்டி கட்டியது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில், விமானத்தின் தோலைத் தைத்தவர்கள் பஸ்ஸுக்கும் தோல் தைத்தார்கள்.

எல்லையின் இந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், முதல் பெயர் சிம்சன். 1840இல் சென்னையில் குதிரை வண்டியும் சேணமும் செய்யத் தொடங்கிய பட்டறை. ராஜாக்களுக்கு அலங்கார வண்டிகள், ரயில்வேக்குப் பெட்டிகள் என்று வளர்ந்து மவுண்ட் ரோட்டின் பெரிய நிறுவனமானது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் செய்த முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். லண்டனில் ஹூப்பர் நடந்த அதே வழியில், குதிரை வண்டியிலிருந்து மோட்டார் கூண்டுக்கு, சென்னைக்காரர்களும் நடந்தார்கள்.

பிறகு பஸ் வந்தது. 1912இல் மதுரையிலிருந்து டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழிலைத் தொடங்கினார். பணக்காரரின் காரைக் கிராமத்து மக்கள் 'பிளஷர்' என்று அழைத்த காலம் அது. கடல் கடந்து வந்த சேஸின் மேல் நம் ஊர்த் தச்சர் தேக்கில் கூண்டு கட்டினார். சீமையின் ஆஷ் மரம் அங்குள்ள குளிருக்கு ஏற்றது. நம் கோடையில் காய்ந்து, மழைக்காலத்தில் ஊதி, மூட்டுகள் தளர்ந்து கிறீச்சிடத் தொடங்கும். கரையானும் விடாது. தேக்கு தாங்கியது. வீட்டு நிலைக்கதவுக்கும் தேருக்கும் காதும் துளையும் எடுத்துப் பழகிய கைக்கு வண்டிக் கூண்டின் கணக்கு சிரமமாக இருந்திருக்காது.

தேர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேரின் கீழ்ப்பகுதி ஆண்டு முழுவதும் நிற்கும், மேலே உள்ள விமானம் திருவிழாவுக்குக் கட்டுவது. தமிழ்நாட்டில் பல பெரிய தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் பிரேக்கும் திருச்சி பெல் ஆலையிலிருந்து வந்தன. மரவேலையும் அலங்காரமும் ஸ்தபதியும் தச்சரும் பார்த்தது. சேஸ் ஓரிடம், கூண்டு ஓரிடம். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்ஸுக்குப் பின்னால் உருளை அடுப்பு முளைத்தது. கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடியது. டிவிஎஸ் அந்தக் கருவிகளைச் செய்து விற்றது. கரி பஸ்ஸில் போன அனுபவத்தைச் சொல்லும் முதியவர்கள் சமீப காலம் வரை நம்மிடையே இருந்தார்கள். கூண்டைத் தனியாகக் கட்டும் பழக்கம் இருந்ததால்தான் ஒரு நெருக்கடியில் வண்டியின் உருவத்தையே இத்தனை விரைவாக மாற்ற முடிந்தது.

மேற்கே இந்தத் தொழில் மடிந்தது மெதுவாகத்தான். பிலடெல்பியாவில் எட்வர்டு பட் என்பவர் முழுக்க எஃகால் ஆன உடலை அச்சில் அழுத்தி எடுக்கக் கற்றார். 1910களின் நடுவில் டாட்ஜ் கார்களுக்கு அப்படிச் செய்து கொடுத்தார். 1923இல் டூகோ வர்ணம் வந்தது. வாரக்கணக்கில் காய்ந்த பூச்சு மணிக்கணக்கில் காய்ந்தது. 1922இல் லான்சியா லாம்டாவும் 1934இல் சிட்ரோயன் டிராக்ஷன் அவாந்தும் சட்டத்தையே ஒழித்தன. உடலே சட்டம். அடியில் தனிச் சேஸ் இல்லாத வண்டிக்கு யார் போய் வேறு கூண்டு கட்டுவது? 1946இல் பென்ட்லி மார்க் 6 ஆலையிலேயே எஃகு உடலுடன் வந்தது. 1959இல் ஹூப்பர் மூடப்பட்டது. பார்க் வார்டையும் முல்லினரையும் ரோல்ஸ்-ராய்ஸே வாங்கி ஒன்றாக்கியது. தனிச் சேஸில் கைவேலைக் கூண்டு ஏற்றிய கடைசி ரோல்ஸ்-ராய்ஸ் ஃபேன்டம் 6, 1990களின் தொடக்கத்தோடு நின்றது.

இந்தியாவில் வேறு காரணங்களும் சேர்ந்தன. 1953இல் உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டுகிறவர்கள் இங்கேயே தயாரிக்க வேண்டும், இல்லையேல் விலக வேண்டும் என்ற கொள்கை வந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அம்பாசடரின் உடல் தனிச் சேஸ் இல்லாதது. கார் வாங்குபவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அதுவும் காத்திருப்புப் பட்டியலில் இடம் இருந்தால். கூண்டைப் பற்றிய பேச்சே போய்விட்டது.

ஒன்று மட்டும் விலக்கு, அதுவும் சென்னையில். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் ஹெரால்டு காரைக் கொண்டு வந்தபோது, முழு உடலை ஒரே இடத்தில் அழுத்திக் கொடுக்க ஆலை கிடைக்கவில்லை. உடல் செய்து தந்த நிறுவனத்தைப் போட்டியாளர் வாங்கிவிட்டிருந்தார். வேறு வழியின்றிப் பழைய பாணிக்குத் திரும்பினார்கள். தனிச் சேஸ், மேலே துண்டு துண்டாகப் பூட்டும் உடல், அதற்கு டூரின் நகரத்து மிக்கெலோட்டியின் வடிவம். அந்தக் கார் 1961 முதல் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் தயாரானது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுதான். நம் குடும்பங்களுக்கு அது போதவில்லை. பாட்டியை முன்னிருக்கையை மடக்கிப் பின்னால் ஏற்றுவது எப்படி? சென்னைக்காரர்கள் அதே சேஸில் நான்கு கதவு ஹெரால்டைக் கட்டினார்கள். பிறகு எழுபதுகளில் கெஸல் என்று இன்னும் விலகிப் போன உடலையும் ஏற்றினார்கள். பிறந்த நாட்டில் இல்லாத வடிவம் இங்கே இருந்தது. கூண்டு வேறு, சேஸ் வேறு என்ற பழைய சுதந்திரம் காரில் கடைசியாகத் தமிழ்நாட்டில் மூச்சுவிட்ட இடம் அது. இதைப் பற்றி நம்மிடையே போதுமான பெருமிதம் இல்லை என்பது என் ஆதங்கம்.

1980இல் ஓசூரில் இரண்டு தொடக்கங்கள். டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் எழுந்தது. லேலண்டின் பூர்வீகமும் கார்தான். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 பூட்டியது, 1955இல்தான் அசோக் லேலண்டு ஆனது. ஓசூரிலிருந்து சேஸ்கள் தெற்கே இறங்கத் தொடங்கின. பஸ்ஸுக்குக் கரூர். லாரிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு.

காரில் மடிந்த முறை பஸ்ஸில் ஏன் பிழைத்தது? மலைப்பாதைக்கு ஒரு பஸ், நகரத்துக்கு ஒன்று, இரவுப் பயணத்துக்கு ஒன்று. இருக்கை இரண்டும் மூன்றுமா, இரண்டும் இரண்டுமா? படி எங்கே வேண்டும், கூரைமேல் மாம்பழக் கூடை ஏற்றக் கம்பி வேண்டுமா? ஒரு முதலாளி கரூர்ப் பட்டறையில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசுகிறாரே, அது லண்டன் பார்க்கரில் மகாராவ் உட்கார்ந்து பேசிய அதே பேச்சு. பட்டறைக்குள்ளும் அதே வரிசைதான். சட்டம் நிறுத்துகிறவர், தகடு அடிக்கும் டிங்கர், பட்டி பார்த்துத் தேய்க்கிறவர், பெயிண்டர், சீட் தைக்கிறவர். மரத்தின் இடத்துக்கு இரும்புக் குழாய் வந்திருக்கிறது, அவ்வளவே.

இதுவும் மாறிக்கொண்டிருக்கிறது. 2001இல் ஸ்பெயினின் இரிசார் நிறுவனத்தின் கூட்டு முயற்சியாக விராலிமலையில் பெரிய கூண்டு ஆலை வந்தது. அதே ஆண்டில் பெங்களூர் பக்கம் ஓஸ்கோட்டையில் வால்வோ பஸ்கள் தொடங்கின. பஸ் கூண்டுக்கு ஏஐஎஸ் 052 என்ற விதித்தொகுப்பு வந்தது. அவசர வழி, இருக்கையின் பிடிப்பு, தீப்பிடிக்காத பொருள் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. எரிந்த பஸ்களின் செய்தியைப் படித்த எவரும் இந்த விதிகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. முகத்தில் காற்று அடிக்க அடிக்கத் தொப்பூர் இறங்கும் அந்த ஓட்டுநர் ஒருநாள் கூரைக்குள் உட்கார்ந்து ஓட்டினால் எனக்கு மகிழ்ச்சிதான்.

என் கவலை பழைய வண்டிகளைப் பற்றியது. 1950 ஜனவரி 1க்கு முன் தயாரான கார்களை நாட்டை விட்டு ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருப்பதால் மிஞ்சியவை இங்கே மிஞ்சின. அது நல்ல சட்டம். 2021 ஜூலையில், 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை மத்திய அரசு கொண்டு வந்தது. எண் பலகையில் 'விஏ' என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதுவும் வரவேற்க வேண்டியதே. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சேஸிலோ உடல் கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது அது.

எது மூல வடிவம்? 1926இல் லண்டனில் லிமோசின் கூண்டுடன் வந்த சேஸ். 1938இல் மரம் உளுத்துப்போய், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பட்டறை தேக்கில் திறந்த கூண்டு கட்டியது. மன்னர் மானியம் 1971இல் ஒழிந்தபின் கைமாறி, யாரோ அதைப் பின்னால் சரக்கு ஏற்றும் வண்டியாக்கினார். இப்படி இரண்டு மூன்று பிறவி எடுத்த வண்டிகள் நம் நாட்டில் ஏராளம். புதுப்பிக்கிறவர்கள் பழைய புகைப்படத்தைத் தேடிப் பிடித்து, சென்னையில் கட்டிய கூண்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, லண்டன் கூண்டின் நகலைப் புதிதாகச் செய்து ஏற்றுகிறார்கள். பரிசும் அதற்குத்தான் கிடைக்கிறது. எண்பது வருஷம் உழைத்த தேக்கு விறகாகிறது. நேற்று செய்த நகல் 'அசல்' ஆகிறது. இது தவறு என்று நான் திடமாக நம்புகிறேன். பார்க்கரின் தகட்டுக்கு இருக்கும் மதிப்பு, பெயரில்லாத ஒரு மாகாணத் தச்சரின் மூட்டுக்கும் இருக்க வேண்டும். கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஒவ்வொரு வண்டியின் அருகிலும் எஞ்சினின் குதிரைத்திறனை எழுதுவதுபோல், கூண்டு யார் கட்டியது, எங்கே, எந்த மரத்தில் என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்தக் கைகளைத் தேட வழி பிறக்கும்.

ராஜாக்களின் காருக்கு லண்டன் பட்டறையின் தகடாவது மிஞ்சியது. நம் தச்சர்கள் தகடு பதிக்கவில்லை. கூண்டைப் பிரித்தால் மட்டும் சில சமயம், கதவின் உட்புறத்திலோ இருக்கைப் பலகையின் அடியிலோ, தச்சர் பென்சிலால் போட்ட தமிழ் எண்களும் அளவுகளும் தெரியும். பிரிக்கிறவர்கள் அதைத் தேய்த்து அழிக்கும் முன் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் அடுத்த முறை நிற்கும்போது கரூர்க் கூண்டு ஏறிய பஸ்களைச் சுற்றிப் பாருங்கள். முன்கண்ணாடிக்கு மேலேயோ பின்புறத்தின் மூலையிலோ, கம்பெனிப் பெயரைவிடச் சிறிய எழுத்தில், கட்டிய பட்டறையின் பெயர் இருக்கும்.

(தொடரும்)